ஒரே குரலில் ஒரு வரலாறு

பினாங்கு என்றதும் பலருக்கு ஜார்ஜ்டவுன் நகரமும் அந்தத் தீவும் நினைவுக்கு வரும். ஆனால், கடலுக்கு இப்பால் பெருநிலத்தில் விரிந்து கிடக்கும் செபராங் பிறையும் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்ததே. அதன் தென்பகுதியில், நிபோங் திபால் வட்டாரத்தில் பைராம் தோட்டம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரம் கரும்புத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. பிறகு கரும்பு நின்ற நிலத்தில் ரப்பர் மரங்கள் எழுந்தன. அவற்றுக்குப் பின் செம்பனை வந்தது. பயிர்கள் மாறினாலும் உழைத்தவர்களில் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களுமே ஆவர்.

தோட்டங்களை நடத்திய நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கைகளில் நிலப்பரப்பையும் விளைச்சலையும் இலாபத்தையும் எழுதின. அங்கே தொழிலாளர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். மரம் சீவியவர்கள் தங்கள் கதையைப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொன்னார்கள். ஒரே தோட்டம், ஆனால், பேசுபவர் மாறும்போது வரலாறும் மாறிவிடுகிறது. ஆகவே, ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுத முற்படும் எவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. இந்தக் கட்டுரையில் பேசுவது யார்?

ஏழு வாக்கியங்கள், ஆறு குரல்கள்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். பைராம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு குடும்பம். பாட்டி பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மதியம் வீடு திரும்பி, மாலையில் லயத்து வீட்டின் பின்கட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்றவர். இன்று அவருடைய மகள் நிபோங் திபாலில் கடை ஒன்றைப் பதிவு செய்து அத்தொழிலை நடத்துகிறார். படிவம் நான்கில் பயிலும் பேத்தியிடம் அம்மா ஒரு பணியைக் கொடுக்கிறார்.

"வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நம் தொழிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா. அதையே சிறு கையேடாக அச்சடித்துக் கடையிலும் வைத்துவிடலாம்."

மாணவி ஆர்வத்தோடு எழுதிய முதல் வரைவு இது:

"எங்கள் நிறுவனம் தோட்டத்து வீடொன்றில் தொடங்கப்பட்டது. நான் சிறுவயதில் பாட்டி முறுக்குப் பிழிவதைப் பார்த்திருக்கிறேன். நிறுவனத்தார் தரமான அரிசி மாவையே பயன்படுத்துகின்றனர். நாம் எந்த நிறமூட்டியும் சேர்ப்பதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது நிபோங் திபாலில் கடை திறக்கிறது. அவர்கள் 12 பெண்களுக்கு வேலை கொடுத்துள்ளது. நீங்கள் ஒருமுறை சுவைத்தால் மீண்டும் தேடி வருவீர்கள்."

தகவல்கள் நன்றாகவே இருக்கின்றன. எனினும் படிப்பவர் எங்கோ தடுக்கி விழுகிறார். காரணம் என்ன? முதல் வாக்கியத்தில் 'எங்கள்' என்று ஒரு குழு பேசுகிறது. இரண்டாம் வாக்கியத்தில் 'நான்' என்று ஒரு சிறுமி பேசுகிறாள். மூன்றாவதில் 'நிறுவனத்தார்' தொலைவில் போய் நிற்கின்றனர். நான்காவதில் 'நாம்' என்று வாசகரும் உள்ளே இழுக்கப்படுகிறார். ஐந்தாவதில் நிறுவனம் 'அது' ஆகிறது. ஆறாவதில் 'அவர்கள்' வருகின்றனர். ஏழே வாக்கியங்களில் ஆறு குரல்கள்! கடன் கொடுக்கும் அதிகாரி இதைப் படித்தால், இத்தொழிலுக்குப் பொறுப்பானவர் யார் என்றே அவருக்கு விளங்காது.

இலக்கணம் காட்டும் வழி

தமிழ் இலக்கணம் இத்தகைய பிழைகளுக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறது. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களைக் கூறுகிறது. மாணவியின் வரைவில் இவற்றுள் இரண்டு வெளிப்படையாகத் தெரிகின்றன. 'அவர்கள் கொடுத்துள்ளது' என்பது திணை வழு. உயர்திணை எழுவாய் அஃறிணைப் பயனிலையைக் கொண்டு முடிந்துள்ளது. 'ஐந்து ஆண்டுகளுக்கு முன் திறக்கிறது' என்பது கால வழு. இறந்த காலச் செய்தி நிகழ்காலத்தில் சொல்லப்பட்டுள்ளது.

மற்ற வாக்கியங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் அவற்றில் இலக்கணப் பிழை இல்லை. 'நான் பார்த்திருக்கிறேன்' சரியானது. 'நிறுவனத்தார் பயன்படுத்துகின்றனர்' என்பதும் சரியானது. ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. இட வழு என்பது ஒரு வாக்கியத்துக்குள் தன்மையும் முன்னிலையும் படர்க்கையும் மயங்கி வருவது. குரல் மயக்கமோ பத்திக்குள்ளும் கட்டுரைக்குள்ளும் நிகழ்வது. ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்திய பிறகும் அது மறைந்தே இருக்கக்கூடும். முழுக் கட்டுரையையும் ஒரே மூச்சில் படித்தால்தான் அது புலப்படும்.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் 'நாங்கள்', 'நாம்' என இரண்டு உள்ளன. கேட்பவரை விலக்கிப் பேசினால் 'நாங்கள்'. அவரையும் சேர்த்துப் பேசினால் 'நாம்'. பின்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். மலாய்மொழியிலும் இதே வேறுபாடு 'காமி', 'கித்தா' என்னும் சொற்களில் உள்ளது. ஆகவே, மலேசிய மாணவர்களுக்கு இது புதிதன்று.

'நாம் எந்த நிறமூட்டியும் சேர்ப்பதில்லை' என்று எழுதினால், முறுக்கு வாங்க வந்தவரும் மாவு பிசைந்தவர் ஆகிவிடுகிறார். 'நாங்கள் சேர்ப்பதில்லை' என்றால் பொறுப்பு செய்பவரிடமே நிற்கிறது. ஒரு சொல் மாறியதில் பொறுப்பும் இடம் மாறிவிட்டது.

'நான்' பேசும் இடம்

நிறுவனத்தைப் பற்றி எழுதுவோர் முன் பொதுவாக மூன்று குரல்கள் உள்ளன. முதலாவது 'நான்' என்னும் தன்மை ஒருமை. தொழிலைத் தொடங்கியவரே தம் அனுபவத்தைக் கூறும்போது இது பொருந்தும். தயக்கம், தோல்வி, கடன் தொல்லை, முதல் விற்பனையின் மகிழ்ச்சி ஆகியவற்றை வேறு எந்தக் குரலாலும் இவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால், 'நான்' பேசக்கூடாத இடங்களும் உண்டு. கப்பலோட்டிய தமிழர் எனப் போற்றப்படும் வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தலா 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக மொத்தம் 10 இலட்சம் ரூபாய் மூலதனம் என்பது அதன் திட்டம். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வாங்கப்பட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பின்னாளில் வ.உ.சி. தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுள் வடிவில் தாமே எழுதினார். அது அவருடைய வாழ்க்கை. அங்கே தன்மைக் குரல் இயல்பாக அமைகிறது. அந்நிறுவனத்தின் கணக்கோ பங்கு வாங்கிய அனைவருக்கும் உரியது. அதை ஒருவர் 'என் நிறுவனம், என் கப்பல்' என்று எழுத முடியாது. தலைவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பலருடைய பணத்தாலும் உழைப்பாலும் எழுந்த ஒன்றை 'நான்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட இயலாது.

'நாங்கள்', 'நாம்' பேசும் இடம்

இரண்டாவது, தன்மைப் பன்மை. இது வாசகருக்கு நெருக்கமாக ஒலிக்கும், பொறுப்பையும் ஏற்கும். அதனால்தான் வணிக நிறுவனங்கள் பலவும் இக்குரலை விரும்புகின்றன. ஆனால், இது விலை கொடுத்துப் பெற வேண்டிய குரல். 'நாம்' என்று சொல்பவர், அந்தச் சொல்லுக்குள் இருப்பவர் யார் யார் என்று காட்டக் கடமைப்பட்டவர்.

மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி, வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். இதனைத் தோட்டத் துண்டாடல் என்பர். தோட்டம் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்கள் வேலையை இழந்தனர். வேலையோடு குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்தனர். அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்து வெள்ளி செலுத்தி உறுப்பினராகும்படி தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்தப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. 1961ஆம் ஆண்டில் கெடாவில் வாங்கப்பட்ட புக்கிட் சீடிம் தோட்டம் அவற்றுள் முதலாவதாகும்.

இத்தகைய சங்கம் ஒன்று தன் உறுப்பினரைப் பார்த்து 'நமது தோட்டம்' என்று எழுதினால், அச்சொல்லில் அலங்காரம் எதுவும் இல்லை. பணம் கொடுத்தவரும், உரிமை பெற்றவரும், அத்தோட்டத்திலேயே மரம் சீவுபவரும் ஒருவராகவே இருக்கக்கூடும். அங்கே 'நமது' என்பது கணக்குப் புத்தகத்தாலும் மெய்ப்பிக்கக்கூடிய சொல். அதே சங்கம் வெளியாருக்கு ஓர் அறிக்கை விடுத்தால் 'நமது' பொருந்தாது. அப்போது 'எங்கள் சங்கம்' என்றோ 'சங்கம்' என்றோதான் எழுத வேண்டும். கேட்பவர் மாறும்போது குரலும் மாறவேண்டும். ஆனால், ஓர் ஆவணத்துக்குள் மாறக்கூடாது.

படர்க்கை பேசும் இடம்

மூன்றாவது, 'நிறுவனம்', 'சங்கம்', 'கடை' என்று விலகி நின்று கூறும் படர்க்கை. கடன் விண்ணப்பம், செய்தி அறிக்கை, பொது வரலாறு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. உணர்ச்சி குறையும், தெளிவு கூடும். எழுதியவர் வேலையை விட்டுச் சென்றாலும், நிர்வாகம் கைமாறினாலும் எழுத்து பழையதாகாது.

இக்குரலைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு செய்திகளில் கவனமாக இருக்க வேண்டும். 'நிறுவனம்' அஃறிணை, ஆகவே 'நிறுவனம் விற்கிறது' என்றே எழுத வேண்டும். 'நிர்வாகத்தினர்' உயர்திணைப் பன்மை. ஆகவே 'நிர்வாகத்தினர் விற்கின்றனர்'. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து கடைசிவரை அதையே கையாள்வது நன்று. நிறுவனரை முதலில் 'தொடங்கினார்' என்று எழுதிவிட்டு, பிறகு 'உழைத்தாள்' என்று எழுதுவதும் குரல் மயக்கமே.

மற்றொன்று, செயப்பாட்டு வினையும் அதைப் போலச் செய்தவரைக் காட்டாத பிற வினைகளும். 'முறுக்கு பிழியப்படுகிறது', 'முடிவு எடுக்கப்பட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது' என்றெல்லாம் எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார். சில இடங்களில் இது தேவையாகலாம். எனினும், பிழையை ஒப்புக்கொள்ளும்போது இந்த வழியில் ஒளிந்துகொள்வது முறையன்று. எண்ணெய் சிக்கடித்த முறுக்குப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கையாளரிடம் 'தவறு நேர்ந்துவிட்டது' என்பதைவிட, 'நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. மாற்றித் தருகிறோம்' என்பதே நம்பிக்கையைக் காப்பாற்றும்.

பாட்டியின் கேள்வி

மாணவி தன் வரைவைத் தமிழாசிரியையிடம் காட்டினாள். ஆசிரியை எதையும் திருத்தாமல் தாளின் ஓரத்தில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தார். பேசுவது யார்? யாரிடம் பேசுகிறார்? சொன்னதற்கு யார் பொறுப்பு?

அன்றிரவு மாணவி வங்கிக்கு உரிய பக்கத்தை முழுவதும் படர்க்கையில் மாற்றி எழுதினாள். அதைப் பாட்டிக்கு வாசித்தும் காட்டினாள். "நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிறுவனர் பைராம் தோட்டத்தில் இத்தொழிலைத் தனியொருவராகத் தொடங்கினார்" என்னும் இடம் வந்ததும் பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா, நான் மட்டுமா தொடங்கினேன்? பக்கத்து வீட்டுக்காரி அரிசி ஊற வச்சு இடிப்பா. எதிர் வீட்டுச் சின்னம்மா பாகு பதம் பார்ப்பாங்க. என் கை நோகிற அன்னைக்கு உங்க தாத்தாதான் உழக்கை அழுத்துவாரு. அவங்க எல்லாம் எங்கே போனாங்க?"

மாணவியால் பதில் சொல்ல முடியவில்லை. 'தனியொருவராக' என்பதை அவள் அழகுக்காகச் சேர்த்திருந்தாள். குரல் சீராக இருந்தது. ஆனால், உண்மை சீராக இல்லை. அவள் அச்சொல்லை அடித்துவிட்டு, "தோட்டத்துப் பெண்கள் சிலரின் துணையோடு தொடங்கினார்" என்று எழுதினாள். இந்தத் திருத்தத்துக்காகப் படர்க்கையைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. ஒரு குரலில் நிலைத்து நிற்பது என்பது, அக்குரலுக்கு வசதியான செய்தியை மட்டும் சொல்வதன்று என்பதை அவள் அன்று அறிந்தாள்.

'எங்களுக்கு' என்று சொல்லலாமா?

கையேட்டுக்கு அவள் 'நாங்கள்' என்னும் குரலைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்கு வருபவரிடம் நேராகப் பேச அதுவே ஏற்றது என எண்ணினாள். மறுநாள் மாலை, கடையின் பின்புறம் பலகாரம் செய்யும் பெண்களிடம் அதை வாசித்தாள். "இது எங்கள் நிறுவனம். நாங்கள் ஒரே குடும்பமாக உழைக்கிறோம்" என்று தொடங்கியதுமே அவர்களுள் மூத்தவர் சிரித்துவிட்டார்.

"கேட்க நல்லாத்தான் இருக்கும்மா. 'எங்கள் நிறுவனம்'னு எழுதியிருக்கே. மாசச் சம்பளம் வாங்குறோம்; அது குறையில்லாம வருது. ஆனா, இலாபத்துல எங்களுக்குப் பங்கு இல்லையே! அப்புறம் எப்படி அது எங்கள் நிறுவனம் ஆகும்?"

அம்மா அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. எண்ணெய் கொதிக்கும் ஒலி மட்டும் கேட்டது. "அத்தை சொல்வது சரிதான்மா" என்றாள் மாணவி மெதுவாக. "நான் மாற்றி எழுதுகிறேன்."

அவள் 'நாங்கள்' என்பதைக் கைவிடவில்லை. மாறாக, அச்சொல்லுக்குள் இருப்பவர்கள் யார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட முடிவு செய்தாள். செய்யும் வேலையில் அந்தப் பெண்களுக்குப் பங்கு உண்டு, உரிமையில் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடாமல் பிரித்துக் காட்டினாள். இறுதியாக அமைந்த கையேட்டின் தொடக்கம் இதுதான்:

"இந்தக் கடையின் உரிமை ஒரு குடும்பத்துக்கு உரியது. பலகாரம் செய்பவர்கள் நாங்கள் பதின்மூன்று பேர். எங்களுள் பலர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நாங்கள் அன்றன்று இடித்த அரிசி மாவையே பயன்படுத்துகிறோம், நிறமூட்டி சேர்ப்பதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நிபோங் திபாலுக்கு வந்தோம். 'பதம் தப்பினால் விற்காதே, வீட்டுக்குக் கொண்டு போ' என்பார் இத்தொழிலைத் தொடங்கிய பாட்டி. இன்றும் நாங்கள் அப்படியே செய்கிறோம். பலகாரத்தில் குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்."

இப்பத்தியில் எழுவாய் ஒவ்வொரு வாக்கியத்திலும் வெளிப்படையாக இல்லை. எனினும் 'பயன்படுத்துகிறோம்', 'வந்தோம்', 'செய்கிறோம்', 'தருகிறோம்' என வரும் 'ஓம்' விகுதி குரலைக் கட்டிக் காக்கிறது. எழுவாய் தோன்றாவிட்டாலும் பேசுபவரைக் காட்டிக்கொடுப்பது தமிழ் வினைமுற்றின் இயல்பு. இடையில் பாட்டியின் குரல் ஒலிக்கிறது. அது மேற்கோள் குறிக்குள் அடங்கியிருப்பதால் குரல் மயக்கம் ஏற்படவில்லை. மாணவியின் 'நான்' மறைந்துவிட்டது. ஏனெனில், இது அவளுடைய நினைவுக்குறிப்பு அன்று.

பெண்கள் அதைக் கேட்டுத் தலையசைத்தனர். தங்கள் பெயர்களை அச்சிட வேண்டுமா என்று மாணவி கேட்டாள். சிலர் சம்மதித்தனர், சிலர் வேண்டாம் என்றனர். வேண்டாம் என்றவர்களின் பெயர்களை அவள் சேர்க்கவில்லை. ஒருவரின் சார்பாகப் பேசும் முன் அவரைக் கேட்பதும் எழுதுபவரின் கடமையல்லவா?

அன்று கடையை மூடும்போது அம்மா, "தீபாவளி முடியட்டும். பங்கைப் பற்றி எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மூத்தவர் மட்டும் மாவுச் சட்டியைக் கழுவி வைத்தபடி, "பேசுவோம் அக்கா" என்றார்.

எழுதி முடித்தபின்

ஒரு நிறுவனத்தைப் பற்றியோ பள்ளிக் கூட்டுறவுக் கடையைப் பற்றியோ கழகத்தைப் பற்றியோ எழுதும் மாணவர் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். முதலில், வரைவிலுள்ள ஒவ்வொரு வினைமுற்றின் கீழும் கோடிட வேண்டும். அடுத்து, அவற்றின் விகுதிகளைக் கவனிக்க வேண்டும். 'ஏன்' என முடிந்தால் 'நான்' பேசுகிறது. 'ஓம்' என முடிந்தால் 'நாங்கள்' அல்லது 'நாம்' பேசுகிறது. 'அது' என முடிந்தால் நிறுவனம் படர்க்கையில் நிற்கிறது. 'அனர்' அல்லது 'ஆர்கள்' என முடிந்தால் மனிதர்கள் படர்க்கையில் நிற்கின்றனர். ஒரே ஆவணத்தில் இவை காரணமின்றிக் கலந்து வந்தால், அங்கே குரல் தடுமாறியிருக்கிறது என அறியலாம்.

பிறகு காலத்தைப் பார்க்க வேண்டும். நடந்து முடிந்தவை இறந்த காலத்திலும், இன்றும் தொடர்பவை நிகழ்காலத்திலும், திட்டங்கள் எதிர்காலத்திலும் இருக்கின்றனவா? 'திறப்போம்' என்று எழுத வேண்டியதைத் 'திறந்துள்ளோம்' என்று எழுதுவது மொழிப்பிழை மட்டுமன்று. கடன் கொடுப்பவருக்குக் கூறும் பொய்யுமாகும். அதன்பின் செயப்பாட்டு வினைகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 'யாரால்?' என்று கேட்டால், மறைந்து நிற்பவர் வெளியே வருவார்.

கடைசிச் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எழுதியதை, அதில் இடம்பெறுபவர்களின் முன் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிழைகளைக் கண் தவறவிடும், காது பிடித்துக்கொள்ளும். எழுத்தில் பொருந்தாத ஒரு 'நாங்கள்', கேட்பவரின் முகத்தில் உடனே தெரிந்துவிடும். மாணவியின் முதல் வரைவில் இலக்கணத்தால் கண்டுபிடிக்கக்கூடிய வழுக்கள் இரண்டே. 'தனியொருவராக' என்பதைப் பாட்டியும், 'எங்கள் நிறுவனம்' என்பதை மூத்த தொழிலாளியும்தான் கண்டுபிடித்தனர்.

கரும்பு போய், ரப்பர் போய், செம்பனை நிற்கும் நிலத்தில், முன்பு உழைத்தவர்களின் சொற்களில் பெரும்பகுதி எழுதப்படாமலே போய்விட்டது. இனி எழுதப்படும் ஒவ்வொரு சிறு தொழிலின் வரலாறும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடும். அதற்கு எழுதுபவர் ஒரு குரலைத் தேர்ந்து அதில் நிலைத்து நிற்க வேண்டும். அக்குரலுக்கு உரியவர்களிடம் முதலில் கேட்டறியவும் வேண்டும்.